உறங்கும் கம்பெனிக்கு ஒரு வரி

இராயபுரத்தில் இறங்கி, கடலை வலக்கைப் பக்கமாக வைத்துக்கொண்டு வடக்கு நோக்கிச் செல்கிற ஒருவர், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் நெருங்கி நிற்கும் படகுகளையும், தண்டையார்பேட்டையின் எண்ணெய்க் கிடங்குகளையும், திருவொற்றியூர்த் தேரடியையும் கடந்து எண்ணூர்க் கழிமுகத்தை எட்டுவதற்குள், சென்னையின் தொழில் வரலாற்றில் பெரும்பகுதியைக் கண்ணாலேயே படித்து முடித்துவிடலாம். 1946-ஆம் ஆண்டில் ஒரு சிறு கொட்டகையில் குழந்தைகளின் பலூன் செய்யத் தொடங்கிய முயற்சி, 1960-இல் கம்பெனியாகப் பதிவாகி, எம்.ஆர்.எஃப். என்று உலகம் அறிந்த டயர் ஸ்தாபனமாக வளர்ந்தது இந்தத் திருவொற்றியூரில்தான். 1948-இல் பிறந்த அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறி எண்ணூருக்கு லாரிகளின் ஊர் என்ற கியாதியைத் தந்தது; அதே 1955-இல் உருவான என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரின் பெயரை மோட்டார் சைக்கிளோடு பிரிக்க முடியாதபடி இணைத்துவிட்டது. ஒரு பெருந்துறைமுகமே கம்பெனியாக இருந்து நடக்க முடியும் என்பதை நாட்டுக்கு முதன்முதலாகக் காட்டியதும் இந்தக் கரையே: 1999-இல் கம்பெனிச் சட்டப்படி பதிவான எண்ணூர்த் துறைமுகம், 2014-இல் காமராஜரின் பெயரை ஏற்று இன்றும் நிலக்கரியையும் கார்களையும் கையாண்டு வருகிறது.

நான் எழுத முற்பட்டது அந்தப் பெரிய பெயர்களைப் பற்றியன்று. அவற்றின் மதில்களுக்கு வெளியே, சந்துகளுக்குள் தகரக் கூரை போட்ட கொட்டகைகளில், இரண்டு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் வைத்துக்கொண்டு, பெரிய ஆலைகள் அனுப்பும் வரைபடத்துக்கு ஏற்ப இரும்பைக் கடைந்து கொடுத்து ஜீவனம் நடத்திய சிறு பட்டறைக்காரர்களைப் பற்றியும், துறைமுக வாசலில் கப்பல்களுக்குச் சாமான் கொடுத்தும் கிளியரிங் வேலை பார்த்தும் வாழ்ந்த சிறு முதலாளிகளைப் பற்றியுமே எழுத விரும்புகிறேன். வேலை தருகிற ஸ்தாபனமோ கடன் தருகிற வங்கியோ "கம்பெனியாக இருந்தால் நல்லது" என்று சொன்னதைக் கேட்டு, பெயர்ப்பலகையின் கடைசியில் "பிரைவேட் லிமிடெட்" என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துக்கொண்டவர்கள் அவர்களில் பலர். பிரைவேட் கம்பெனிக்கு இரண்டு டைரக்டர்களாவது வேண்டும் என்று சட்டம் சொல்லுகையில், இரண்டாவது ஆளைத் தேடி அவர்கள் வெகுதூரம் போகவில்லை. மனைவியோ மச்சானோ, சில வீடுகளில் வயதான தாயாரோ, ஆடிட்டர் ஆபீசிலிருந்து வந்த காகிதங்களில் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டார்கள்.

பின்னர்க் காலம் மாறிற்று. ஆலைகள் தெற்கும் மேற்குமாக விரிந்தன. ராயல் என்ஃபீல்டு 2013-இல் ஒரகடத்தில் புதிய ஆலையைத் திறந்தது ஓர் உதாரணம் மாத்திரமே. 2015-இன் வெள்ளமும், 2020-இன் நோய்த்தொற்றும், அவற்றுக்கு நடுவில் பணமதிப்பு நீக்கமும் சிறு பட்டறைகளை ஒவ்வொன்றாகப் பூட்டச் செய்தன. மெஷின்களை விற்றாயிற்று, கொட்டகையைக் காலி செய்தாயிற்று, பெயர்ப்பலகையைக் கழற்றிப் பரணில் போட்டாயிற்று. ஆனால் கம்பெனி மட்டும் எங்கும் போகவில்லை. மனிதன் இறந்தால் சடங்கு செய்து அனுப்புகிறோம். கம்பெனிக்கோ நாமாகச் சடங்கு செய்யாவிட்டால் மரணம் என்பதே இல்லை. அது பதிவேட்டில் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது.

இப்படிப்பட்ட ஒருவரை நாம் மனத்தில் வைத்துக்கொள்வோம். பட்டறை பூட்டிய பின் மணலிச் சாலைப் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் யார்டில் சூபர்வைசராகச் சம்பளத்துக்குப் போகிறார். மாதச் சம்பளம், கொஞ்சம் வங்கி வட்டி, வேறு வருமானம் இல்லை. ஜூலை மாதம் வந்து, யார்டில் ஃபார்ம் 16 கொடுத்தவுடன், கூட வேலை செய்கிற இளைஞர்கள் செல்பேசியிலேயே பத்து நிமிஷத்தில் வருமான வரி ரிட்டர்னை முடித்துவிடுவதைப் பார்க்கிறார். அவர்கள் போடுவது "சஹஜ்" என்னும் முதலாம் படிவம். "எளிது" என்று பொருள்படும் அந்தப் பெயர் நமக்கும் பொருந்தும் என்று நினைத்து அவரும் அதையே நிரப்புகிறார். அங்கேதான் பிழை புகுகிறது.

2019-20 மதிப்பீட்டு ஆண்டு முதல், அதற்குரிய முந்தைய ஆண்டில் எப்போதாவது ஒரு கம்பெனியில் டைரக்டராக இருந்தவர் எவரும் சஹஜ் படிவத்தையோ, சிறு வியாபாரிகளுக்கான "சுகம்" என்னும் நாலாம் படிவத்தையோ பயன்படுத்தக் கூடாது என்பது விதி. வியாபார வருமானம் இல்லாதவர் இரண்டாம் படிவத்தையும், இருப்பவர் மூன்றாம் படிவத்தையுமே போட வேண்டும். கம்பெனி லாபம் ஈட்டிற்றா, சம்பளம் கொடுத்ததா, வங்கிக் கணக்கில் நூறு ரூபாயாவது இருக்கிறதா என்றெல்லாம் அந்த விதி கேட்பதில்லை. "எப்போதாவது" என்ற சொல்லின் அகலத்தையும் கவனிக்க வேண்டும்: ஏப்ரல் மாதம் ராஜினாமா செய்தவரும், கம்பெனியின் பெயரே நடு ஆண்டில் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டவரும், அந்த ஆண்டுக்கு டைரக்டராக இருந்தவர்களே. பதிவேட்டில் பெயர் இருந்தால் ஒரு நாளும் ஒரு வருஷமும் இங்கே ஒன்றுதான். சஹஜில் போட்டுவிட்டால், அதைக் குறைபாடுள்ள ரிட்டர்ன் என்று கருதி வருமான வரித் துறை நோட்டீஸ் அனுப்பலாம். பதினைந்து நாட்களுக்குள் சரி செய்யாவிட்டால், அவர் ரிட்டர்னே போடவில்லை என்று கொள்ளப்படும் அபாயம் உண்டு. நேர்மையாக வரி கட்டியவர், கட்டாதவரின் வரிசையில் போய் நிற்க நேருவதை நினைத்தால் மனம் பதைக்கிறது.

இரண்டாம் படிவம் கேட்பது அப்படியொன்றும் பெரிதன்று. நீங்கள் டைரக்டராக இருந்தீர்களா என்று அது வினவுகிறது. ஆம் என்றால், கம்பெனியின் பெயர், அதன் பான் எண், அது எவ்வகைக் கம்பெனி, அதன் பங்குகள் சந்தையில் பட்டியலிடப்பட்டவையா, உங்கள் டைரக்டர் எண் எது என்பவற்றை எழுதச் சொல்லுகிறது. அந்த எட்டு இலக்க எண்ணையே நம்மவர்கள் "டின் நம்பர்" என்கிறார்கள். அடுத்து, பட்டியலிடப்படாத பங்குகளை வைத்திருக்கிறீர்களா என்று கேட்டு, ஆண்டுத் தொடக்கத்தில் எத்தனை, வாங்கியது எத்தனை, விற்றது எத்தனை, முடிவில் எத்தனை, அடக்க விலை என்ன என்று ஒரு சிறு கட்டம் காட்டுகிறது. கம்பெனி தொடங்கிய நாளில் பத்து ரூபாய்ப் பங்குகளாக எழுதிக்கொண்டவை, இப்போது ஒரு காசும் பெறாவிட்டாலும், இந்தக் கட்டத்தில் இடம்பெற்றாக வேண்டும். ஆக, உறங்குகிற கம்பெனிக்கு அவருடைய சொந்த ரிட்டர்னில் ஒரு வரி. அதற்காக அவர் கட்ட வேண்டிய வரியில் ஒரு ரூபாயும் கூடுவதில்லை.

அந்த ஒரு வரியை எழுதத் தயங்குகிறவர்களின் மனத்தில் உள்ள குழப்பத்தை நான் அறிவேன். "கம்பெனியும் நானும் ஒன்றுதானே, அது செத்துப் போனால் அதைப் பற்றி நான் ஏன் பேச வேண்டும்" என்பது அவர்கள் எண்ணம். சட்டம் ஆதிமுதல் இதற்கு நேர்மாறாகவே சொல்லி வந்திருக்கிறது. லண்டனில் பூட்ஸ் வியாபாரம் செய்த ஆரன் சாலமன் என்பவர் தம் கடையைக் கம்பெனியாக்கி, 20,007 பங்குகளில் 20,001-ஐத் தாமே வைத்துக்கொண்டு, எஞ்சிய ஆறையும் மனைவிக்கும் மகளுக்கும் நான்கு மகன்களுக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்திருந்தார். கடை நொடித்தபோது, அந்தக் கம்பெனி வேறு, சாலமன் வேறு என்று 1896-ஆம் ஆண்டின் இறுதியில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நம் உச்ச நீதிமன்றமும் 1954-இல், தேயிலைக் கம்பெனியின் விவசாய வருமானம் பங்குதாரர் கைக்கு வரும்போது விவசாய வருமானம் ஆகாது என்று கூறி, கம்பெனிக்கும் பங்குதாரருக்கும் இடையே உள்ள சுவரை உறுதிப்படுத்தியது. அந்தச் சுவரை நம் ஊர்க்காரர் தம் சட்டைப் பையிலேயே காணலாம். பான் எண்ணின் நாலாவது எழுத்தைப் பாருங்கள்: மனிதனின் அட்டையில் அது "பி", கம்பெனியின் அட்டையில் அது "சி". ஒரே வீட்டு விலாசம், ஒரே கையெழுத்து. ஆனாலும் இரண்டு ஆட்கள்.

இரண்டு ஆட்கள் என்பதை மறப்பதால் வருகிற தவறுகள் இரு திசையிலும் உண்டு. கம்பெனியின் பெயரில் பழைய டெபாசிட் ஒன்று வங்கியில் கிடந்து வட்டி ஈன்றால், "யார் எழுதினால் என்ன" என்று அதைத் தம் சொந்த ரிட்டர்னில் சேர்த்துவிடுகிறவர் உண்டு. அந்த வட்டி கம்பெனியின் வருமானம், கம்பெனியின் கணக்கிலேயே வர வேண்டும். கம்பெனியின் ஆடிட் செலவையும் பதிவுக் கட்டணத்தையும் தம் சம்பளத்திலிருந்து கட்டுகிறவர், அந்தத் தொகையைத் தம் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று நினைப்பதும் உண்டு. அது அவர் கம்பெனிக்குக் கொடுத்த கடன், கம்பெனியின் புத்தகத்தில் அப்படியே எழுதப்பட வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, தம் ரிட்டர்னைப் போட்டவுடன் கடமை தீர்ந்தது என்று நம்புவது. தனி மனிதனுக்கு வரி விலக்கு வரம்பு என்று ஒன்று உண்டு. கம்பெனிக்கு அது இல்லை. லாபமோ நஷ்டமோ, ஒன்றுமே நடக்காத பூஜ்யமோ, ஆறாம் படிவத்தில் கம்பெனி ஆண்டுதோறும் தன் ரிட்டர்னைப் போட்டே ஆக வேண்டும். வரி மூவாயிரம் ரூபாய்க்கு மேல் போகாதவர்மீது ரிட்டர்ன் போடாத குற்றத்துக்காக வழக்குத் தொடர வேண்டாம் என்று முன்பு சட்டத்தில் ஒரு நிழல் இருந்தது. போலிக் கம்பெனிகளைப் பிடிக்கும் உத்தேசத்தோடு 2018-இன் நிதிச் சட்டம் அந்த நிழலைக் கம்பெனிகளுக்கு மட்டும் எடுத்துவிட்டது. பூஜ்யம் என்று எழுதாமல் விடுவதும் குற்றமாகலாம் என்ற நிலையை நம் பட்டறைக்காரர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

வரியைப் பற்றிப் பேசும்போது இந்தக் கரைக்கே உரிய ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. 1860-இல் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவில் வருமான வரியைக் கொண்டுவந்தபோது, அதை வெளிப்படையாக எதிர்த்தவர் இராயபுரத்துக்குத் தெற்கே கோட்டையில் அமர்ந்து ஆண்ட சென்னை மாகாண கவர்னர் சர் சார்லஸ் டிரெவெல்யன். அந்த எதிர்ப்புக் குறிப்பைப் பத்திரிகைகளிலும் வெளியிட்டுவிட்ட காரணத்தால் அவர் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். இந்த மக்களின் வழக்கமும் வாழ்வும் அறியாமல் அயல்நாட்டுப் படிவத்தை அவர்கள்மேல் சுமத்தலாமா என்ற கவலை அன்றே ஓர் ஆட்சியாளனின் பதவியை விலையாகக் கேட்டது. வரி வேண்டாம் என்று சொல்வது என் கட்சியன்று. கட்டுகிறவனுக்குப் புரியும்படி கேட்பது அரசின் பொறுப்பு என்பதே நான் அந்தச் செய்தியிலிருந்து எடுத்துக்கொள்வது.

இனி "டார்மன்ட்" என்ற சொல்லுக்கு வருவோம். பூட்டிக் கிடக்கிற எந்தக் கம்பெனியையும் நாம் பேச்சுவழக்கில் அப்படிச் சொல்லிவிடுகிறோம். ஆனால் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 455-ஆம் பிரிவில் உறக்கம் என்பது தானாக வருவதன்று, விண்ணப்பித்துப் பெற வேண்டியது. இரண்டு ஆண்டுகளாக வியாபாரம் இல்லாத கம்பெனி, பங்குதாரர்களின் சம்மதத்தோடு கம்பெனிப் பதிவாளரிடம் எம்.எஸ்.சி.-1 என்ற விண்ணப்பம் கொடுத்துச் சான்றிதழ் பெற்றால்தான் அது சட்டத்தின் கண்ணில் உறங்குகிறது. தீர்க்காத வரிப்பாக்கி இருக்கக் கூடாது. பிணையில்லாக் கடன் நிலுவையில் இருந்தால் கடன் கொடுத்தவரின் இசைவு வேண்டும். அந்தக் கடன் கொடுத்தவர் பெரும்பாலும் அதே டைரக்டராகவே இருப்பார். தமக்குத் தாமே இசைவுக் கடிதம் எழுதிக்கொள்ள நேரும்போதுதான், இரண்டு ஆட்கள் என்ற தத்துவம் பலருக்கு முதன்முறையாக விளங்குகிறது. உறக்கத்திலும் சில கடமைகள் நீங்குவதில்லை: ஆறு மாதத்துக்கு ஒன்றாகவேனும் ஆண்டில் இரண்டு போர்டு கூட்டம், ஆடிட் செய்த நிதிநிலையோடு நிதியாண்டு முடிந்த முப்பது நாட்களுக்குள் ஓர் ஆண்டு அறிக்கை, குறைந்தபட்சம் இரண்டு டைரக்டர்கள். தொடர்ந்து ஐந்து ஆண்டு உறங்கினால் பெயரை நீக்கும் நடவடிக்கையைப் பதிவாளரே தொடங்குவார்.

சான்றிதழ் வாங்காமல் வெறுமனே கிடக்கும் கம்பெனியோ விழித்திருக்கிற கம்பெனியாகவே கணக்கிடப்படுகிறது. ஆண்டுப் பொதுக் கூட்டம் நடந்த முப்பது நாட்களுக்குள் நிதிநிலை அறிக்கையும், அறுபது நாட்களுக்குள் ஆண்டு விவர அறிக்கையும் அது கொடுக்க வேண்டும். 2018-ஆம் ஆண்டு ஜூலை முதல், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு படிவத்துக்கும் நூறு ரூபாய் கூடுதல் கட்டணம். அதற்கு மேல்வரம்பு கிடையாது. ஒரு ஆண்டு, இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு என்று மூன்று நிதியாண்டுகளின் இரண்டிரண்டு படிவங்கள் நிலுவையாகிவிட்டால் கணக்கு இப்படி வரும்: ஆறு ஆண்டுகளின் நாட்கள், நாளுக்கு நூறு வீதம், இரண்டு படிவம், மொத்தம் 4,38,000 ரூபாய். ஒரு லட்சம் மூலதனத்தில் தொடங்கிய பட்டறைக்கு, லேத்துகளை விற்று வந்த பணத்தைவிட இது அதிகமாக இருக்கக்கூடும். கடனில் நொடித்த ஒருவர் கடன்காரனுக்கு அஞ்சுவது போல, இந்த எண்ணுக்கு அஞ்சியே பலர் அந்தக் கம்பெனியின் பெயரை எங்கேயும் எழுதாமல் மறைந்து வாழ்கிறார்கள். சொந்த ரிட்டர்னில் டைரக்டர் என்ற கட்டத்தை அவர்கள் வெறுமையாக விடுவதற்கு மூலகாரணம் இந்த அச்சமே.

ஆனால் மறைவதற்கு இப்போது இடம் இல்லை. கம்பெனி விவகார அமைச்சகமும் நேரடி வரிகள் வாரியமும் 2017-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் தேதி தங்கள் தகவல்களைத் தாமாகவே பரிமாறிக்கொள்ள உடன்படிக்கை செய்துகொண்டன. ஒருவருடைய பான் எண்ணைத் தட்டினால் அவருடைய டைரக்டர் எண்ணும் அதன் பின்னால் உள்ள கம்பெனிகளும் தெரியக்கூடிய காலம் இது. உண்மையை எழுதுவதால் புதிதாக ஒரு இரகசியம் வெளிப்படப் போவதில்லை; எழுதாமல் விட்டால், தெரிந்தே மறைத்தவர் என்ற பெயர்தான் மிஞ்சும்.

அந்த 2017-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நடந்ததை இங்கே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இயங்காத சுமார் 2.24 லட்சம் கம்பெனிகளின் பெயர்களை அமைச்சகம் பதிவேட்டிலிருந்து நீக்கிற்று. மூன்று ஆண்டு தொடர்ந்து கணக்குத் தாக்கல் செய்யாத காரணத்தால் 3.09 லட்சம் டைரக்டர்கள் ஐந்தாண்டுக்குத் தகுதியிழந்தவர்கள் என்று பட்டியல் வெளியிட்டது. காரணம் இல்லாமல் அது செய்யவில்லை. நீக்கப்பட்டவற்றில் 35,000 கம்பெனிகளின் 58,000 வங்கிக் கணக்குகளை மட்டும் பார்த்தபோது, பணமதிப்பு நீக்கத்துக்குப் பிறகு 17,000 கோடி ரூபாய்க்கு மேல் உள்ளே போய் வெளியே வந்திருந்தது. 2,134 கணக்குகள் வைத்திருந்த ஒரே கம்பெனியும் அதில் இருந்தது. இத்தகைய வேஷக் கம்பெனிகளைக் களைவது அரசின் கடமை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரே வலையை வீசியதால், திருட்டுக்கென்றே பிறந்த கம்பெனியோடு, வேலை இல்லாமல் பூட்டிய திருவொற்றியூர்ப் பட்டறையும் அகப்பட்டது. பட்டியலில் பெயர் வந்ததை இணையத்தில் பார்த்தே பலர் அறிந்தார்கள். வேறொரு நல்ல கம்பெனியில் டைரக்டராக இருந்தவர்களின் எண் முடங்கிற்று. கையெழுத்துச் செல்லாமல் அந்தக் கம்பெனியும் நின்றது.

அவர்களுக்குச் செவி கொடுத்தது பாரிமுனையில் உள்ள நம் உயர் நீதிமன்றம். 2018-ஆம் ஆண்டு ஜூலை 27-இல் நீதிபதி டி. ராஜா அளித்த தீர்ப்பு, 2014 ஏப்ரல் முதல் தேதியில் நடைமுறைக்கு வந்த தகுதியிழப்புப் பிரிவை அதற்கு முந்தைய 2013-14 கணக்குக்கும் நீட்டியது தவறு என்று காட்டிற்று. பழைய 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்தத் தகுதியிழப்பு பப்ளிக் கம்பெனிகளின் டைரக்டர்களுக்கே இருந்தது, பிரைவேட் கம்பெனிக்காரர்களுக்கு இது புதிது என்பதையும் எடுத்துரைத்தது. 2020 அக்டோபர் 9-இல் தலைமை நீதிபதி ஏ.பி. சாஹி, நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தி ஆகியோர் அடங்கிய அமர்வு அதற்கும் மேலே சென்றது: தகுதியிழப்பைக் காரணம் காட்டி டைரக்டர் எண்களை முடக்கும் அதிகாரம் பதிவாளருக்கு இல்லை, முப்பது நாளில் அவற்றை உயிர்ப்பிக்க வேண்டும், தவறு எந்த டைரக்டருடையது என்பதை விசாரித்து அறிந்த பிறகே நடவடிக்கையைத் தொடங்கலாம். தில்லி உயர் நீதிமன்றம் 2019-இல், தகுதியிழப்பு சட்டத்தின் இயக்கத்தால் தானே விளைவது, அதற்கு முன்கூட்டி விசாரணை தேவையில்லை என்று கருதியது. எண்ணை முடக்கியதை மட்டும் அதுவும் ஒப்பவில்லை. இரண்டு கருத்துகளில் நான் நம் நீதிமன்றத்தின் பக்கமே நிற்கிறேன், அதற்குக் காரணமும் உண்டு.

தவறு எந்த டைரக்டருடையது என்ற அந்தக் கேள்வி, சமையலறையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்திட்ட அந்த மனைவிக்காகவே கேட்கப்பட்டது போல எனக்குத் தோன்றுகிறது. அவர் ஒரு போர்டு கூட்டத்திலும் உட்கார்ந்தவர் அல்லர். நிதிநிலை அறிக்கை என்பது எந்த நிறத்துக் காகிதம் என்பதும் அறியார். ஆனால் அவருக்கும் ஓர் எட்டு இலக்க எண் உண்டு. 2018-இல் வந்த விதிப்படி அந்த எண்ணுக்கான கே.ஒய்.சி. விவரத்தை உரிய காலத்தில் கொடுக்காவிட்டால் 5,000 ரூபாய் கட்டணம் அவர் பெயரிலும் ஏறும். பிரைவேட் கம்பெனியிடமிருந்து வசூலாகாத வரியை அக்காலத்து டைரக்டர்களிடம் வசூலிக்கலாம் என்ற வருமான வரிச் சட்டத்தின் விதி அவர்மேலும் பாயும். பெருங்கவனக்குறைவோ கடமை தவறியதோ தம்மிடம் இல்லை என்று நிரூபிக்கும் சுமையும் அவருடையதே. அவர் தனியாகத் தையல் வேலையிலோ டியூஷனிலோ சிறிது சம்பாதித்து, வங்கிக் கடனுக்காக ஒரு ரிட்டர்ன் போட விரும்பினால், அவருக்கும் சஹஜ் இல்லை, சுகமும் இல்லை. டைரக்டர் என்ற ஒரே காரணத்துக்காக ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வருமானம் வரம்புக்குக் கீழ் இருந்தால் போடாமல் இருக்கலாம். போடுவதென்று வந்தால் மட்டும் அந்த வரியை எழுதியே தீர வேண்டும்.

வெளியேறும் வாசல் ஒன்று உண்டு. கடன்களைத் தீர்த்து, வங்கிக் கணக்கை மூடி, பங்குதாரர்களின் ஒப்புதலோடு, எஸ்.டி.கே.-2 என்ற விண்ணப்பத்தைப் பத்தாயிரம் ரூபாய்க் கட்டணத்தோடு கொடுத்துப் பெயரை நீக்கச் சொல்லலாம். முன்பு நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையின் சாஸ்திரி பவனில் நடந்த இந்தக் காரியத்தை, 2023 மே முதல் ஹரியானாவின் மானேசரில் உள்ள மையம் நாடு முழுமைக்கும் பார்க்கிறது. வியாபாரம் நின்ற நிதியாண்டு வரைக்குமான கணக்குகள் தாக்கலாகியிருக்க வேண்டும் என்பதால், எப்போது நின்றது என்பதை உண்மையாகவும் ஆதாரத்தோடும் காட்டுவது இங்கே மிகவும் முக்கியம். கடைசி மின் கட்டண ரசீதும், கொட்டகை காலி செய்த கடிதமும், கடைசி ஜாப் ஒர்க் பில்லும் அதற்கு உதவும். பதிவாளரே பெயரை நீக்கிய கம்பெனியை மீட்க வேண்டியவர்களுக்கு இராஜாஜி சாலையில், துறைமுகத்துக்கு அருகிலேயே, தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் இருக்கிறது. அரசிதழில் வெளியான நாளிலிருந்து இருபது ஆண்டு வரை அங்கே போகலாம். 2020-இல் கூடுதல் கட்டணத்தைத் தள்ளி, பழைய கணக்குகளைக் கொடுத்துப் புதிதாகத் தொடங்க ஒரு திட்டம் வந்தது; ஊரடங்கில் அலைந்த காலம் அது, நம் சந்துகளில் அச்செய்தி எட்டாத வீடுகள் பல. அத்தகைய திட்டம் மீண்டும் வரும்போது, அதை அமைச்சகத்தின் இணையதளத்தில் போட்டுவிட்டு ஓயாமல், திருவொற்றியூர் மண்டல அலுவலகத்திலும் சிறுதொழில் சங்கக் கூடங்களிலும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும் என்று அரசை மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

2026 ஏப்ரல் முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வந்திருக்கிறது. "முந்தைய ஆண்டு", "மதிப்பீட்டு ஆண்டு" என்ற இரட்டை வழக்கு ஒழிந்து "வரி ஆண்டு" என்ற ஒன்றே நிற்கிறது. பிரிவுகளின் எண்கள் மாறிவிட்டன. டைரக்டர் யார் என்ற கேள்வி மாறாது என்றே நான் எதிர்பார்க்கிறேன்.

நம் சூபர்வைசர் வீட்டில் இரவு ஒன்பது மணி. யார்டிலிருந்து வந்து குளித்து, சாப்பிட்டு, மகனுடைய லேப்டாப்பின் முன் உட்கார்ந்து, இரண்டாம் படிவத்தில் அந்தக் கேள்வியை அடைந்திருக்கிறார். பரணிலிருந்து இறக்கிய பழைய ஃபைலில் கம்பெனியின் பதிவுச் சான்றிதழ் இருக்கிறது. இருபத்தோரு எழுத்துகள் கொண்ட அதன் எண், பட்டியலிடப்படாதது என்பதைக் காட்டும் "யு"வில் தொடங்கி, தமிழ்நாட்டுக்குரிய இரண்டு எழுத்தையும், பட்டறை கம்பெனியான ஆண்டையும் தாங்கி நிற்கிறது. அம்மன் பெயரில் வைத்த பெயர். அதை எழுத்துக் கூட்டி மெல்லத் தட்டுகிறார். பாத்திரம் கவிழ்த்த கையோடு மனைவி வந்து பின்னால் நின்று, "ஏங்க, எம் பேர்லயும் ஒரு நம்பர் இருக்குதே, அது என்ன ஆச்சு?" என்று கேட்கிறார். அவர் தட்டுவதை நிறுத்தி, ஃபைலைத் திருப்பி, மனைவியின் கையெழுத்து இருக்கும் பக்கத்தைத் தேடுகிறார்.